இடிந்த நகரை எழுதி வைத்தவர்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

'பேரிடர்க் காலமும் ஜமாஅத்தின் பொறுப்பும்' என்ற தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்துள்ளார்கள். தலைப்பு பெரியது. நானோ கட்டட வரைபடங்களோடு காலத்தைக் கழித்தவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லாதது. எனவே பொதுவான அறிவுரைகளை விடுத்து, நான் நேரில் சென்று பார்த்த ஒரு நகரத்தைப் பற்றி மட்டும் கூறிவிட்டு, அதிலிருந்து நமது பள்ளிவாசல் அலுவலக அறையில் உள்ள பதிவேட்டிற்கு வருகிறேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

அந்நகரம் குஜராத் மாநிலம், கட்ச் மாவட்டத்தின் தலைநகரான புஜ்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. நாடெங்கும் குடியரசு நாள் கொடியேற்றும் வேளை. காலை 8.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. பச்சாவ் வட்டத்தின் சோபாரி என்னும் சிற்றூருக்கு அருகே அதன் மையம் அமைந்திருந்தது. நமது வானிலைத் துறை அதன் அளவை முதலில் 6.9 என்று அறிவித்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 7.7 என்று கணக்கிட்டது. புஜ், அஞ்சார், பச்சாவ், ராப்பர் ஆகிய நான்கு நகரங்களும் நூற்றுக்கணக்கான கிராமங்களும் சிதைந்தன. அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள் 185 பேரும், அவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் 20 பேரும், குறுகிய தெருவொன்றில் இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்து வீழ்ந்ததில் மாண்டனர். புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்துபோனது. காயமுற்றோரைக் கொண்டுசெல்ல வேண்டிய இடமே இல்லாமற் போயிற்று.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தன்னார்வக் குழுவொன்றுடன் நான் அங்குச் சென்றேன். போர்வையும் அரிசியும் வழங்கும் பணியாக இருக்கும் என்று எண்ணித்தான் சென்றேன். ஆனால் எங்கள் கையில் கொடுக்கப்பட்டவை ஒரு கட்டுப் படிவங்கள், ஓர் அளவு நாடா, ஒரு புகைப்படக் கருவி. கோட்டைச் சுவர்களுக்குள் அமைந்த பழைய நகரில், வீடு வீடாகச் சென்று என்ன இடிந்தது, எவ்வளவு இடிந்தது, யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். உண்மையைச் சொல்வதானால் முதல் நாள் எனக்குச் சலிப்பே ஏற்பட்டது. மக்கள் கூடாரத்தில் கிடக்கும்போது காகிதத்தில் எழுதுவதற்கா ஆயிரம் மைல் கடந்து வந்தோம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது அந்த எண்ணம் என்னிடம் இல்லை.

அங்கே சேதத்தை ஜி-1 முதல் ஜி-5 வரை ஐந்து வகையாகப் பிரித்திருந்தார்கள். பூச்சில் மயிரிழை போன்ற விரிசல் விட்ட வீடு முதல் வகை. முற்றிலும் இடிந்து வீழ்ந்த வீடு ஐந்தாம் வகை. நடுவில் உள்ள மூன்றும்தாம் சிக்கலானவை. சுவரில் அகன்ற விரிசல் இருக்கிறது, ஆனால் கூரை நிற்கிறது. இதை மூன்று என்பதா, நான்கு என்பதா? கேட்பதற்குச் சிறிய ஐயமாகத் தோன்றும். மூன்று என்று எழுதினால் பழுது பார்க்கும் உதவி. மேல்வகை என்று எழுதினால் புதிதாகக் கட்டுவதற்கான உதவி நோக்கி வழி திறக்கும். ஒரு பொறியாளரின் பேனா ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு நகர்வதில் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு அடங்கியிருந்தது. அதனாலேயே அரசின் கணக்கெடுப்பு முடிந்த இடங்களில் சச்சரவுகள் எழுந்தன. மறு கணக்கெடுப்புகளும் நடந்தன.

பழைய நகரில் இன்னொரு தொல்லை. வீடுகள் கல்லும் மண்சாந்துமாகக் கட்டப்பட்டவை. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவர். இவருடைய வீடு நிற்பதற்குக் காரணம் அடுத்தவர் வீடு நிற்பதே. ஒன்றை இடித்தால் மற்றது தானாக விழும். அத்தகைய இடத்தில் 'இது யாருடைய சுவர்' என்ற வினாவிற்கு விடை காணாமல் படிவத்தை நிரப்ப இயலாது. விடையோ, பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் இருந்தது; பத்திரமோ இடிபாட்டிற்குள் இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு சந்தின் முனையில் ஒரு மூதாட்டியைக் கண்டோம். மாடி வீடொன்றின் கீழ்ப்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தவர். வீடு முழுவதும் தரைமட்டம். எங்களுடன் வந்த உள்ளூர் இளைஞர் அவர் சொல்வதைக் குஜராத்தியிலிருந்து இந்தியில் பெயர்த்தார். நான் படிவத்தை நிரப்பினேன். வீட்டு உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. உரிமையாளர் மும்பையில் இருந்தார். அவர் பெயரை எழுதினேன். அதற்குமேல் அந்த மூதாட்டியின் பெயரை எழுதக் கட்டம் இல்லை. குறிப்பு என்ற இடத்தில், பொடி எழுத்தில், நெருக்கி எழுதினேன். அவர் ஒரு தகரப் பெட்டியிலிருந்து வாடகை ரசீதுகளை எடுத்துக் காட்டினார். மாதம் தவறாமல் கட்டிய ரசீதுகள். அவற்றை ஒட்டவும் அப்படிவத்தில் இடம் இல்லை. அந்தப் படிவம் அரசாங்கம் தந்தது அன்று. நல்லெண்ணம் மிக்க எங்கள் குழுவே அச்சிட்டது. அதை வரைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கட்ச் மண்ணுக்கு நிலநடுக்கம் புதிதன்று. 1819 ஜூன் 16 அன்றும் அங்கே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ரண் பகுதியில் சுமார் எண்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளத்திற்கு நிலம் ஒரு கரையைப் போல எழும்பி நின்றது. மனிதர் கட்டாமல் எழுந்த கரை என்பதால் அப்பகுதி மக்கள் அதற்கு 'அல்லாஹ் பந்த்' என்று பெயரிட்டனர். இன்றும் நிலவியல் நூல்களில் அப்பெயரே வழங்குகிறது. சிந்திரி என்ற கோட்டை நீரில் மூழ்கியது. அகமதாபாத் ஜாமிஆ மஸ்ஜிதின் புகழ்பெற்ற ஆடும் மினாராக்கள் வீழ்ந்ததும் அந்நிலநடுக்கத்தில்தான். அங்குச் சென்றவர்கள் அவற்றின் அடிப்பகுதி மட்டும் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அப்போது கட்ச்சில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கேப்டன் ஜேம்ஸ் மெக்முர்டோ என்பவர், புஜ் நகரில் ஏறத்தாழ 7,000 வீடுகள் வீழ்ந்தன என்றும், ஆயிரத்து நூற்றுக்கும் அதிகமானோர் புதையுண்டனர் என்றும் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார். அவரது அறிக்கை பின்னரே அச்சேறியது. சார்லஸ் லயல் எழுதிய நிலவியல் பெருநூலுக்கும் இந்நிகழ்வு சான்றாகப் பயன்பட்டது. உலகமே படித்த பதிவு அது. ஆனால் புஜ் நகரம் அதே இடத்தில், அதே கல்லும் மண்சாந்தும் கொண்டு, அதே நெருக்கத்தில் மீண்டும் எழுந்தது.

அடுத்து 1956 ஜூலை 21. அஞ்சாரில் நிலநடுக்கம், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழைய ஊரை ஒட்டிப் புதிய அஞ்சார் அமைக்கப்பட்டது. இருப்பினும் பழைய ஊரின் சந்துகளில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, நான் முன்னர்ச் சொன்ன 205 உயிர்கள் போனது அஞ்சாரின் அத்தகைய குறுகிய சந்தில்தான். எழுதி வைத்தால் மட்டும் போதாது, எடுத்துப் படிக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியவில்லை.

2001-க்குப் பின் நிலைமை ஓரளவு மாறியது என்றே கூறவேண்டும். நிலநடுக்கம் நிகழ்ந்த இரண்டே வாரத்தில், பிப்ரவரி 8-ஆம் நாள், குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் வழங்கின. வீடு கட்டும் உதவித் தொகை தவணை தவணையாக வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. அடித்தளமும் இணைப்புப் பட்டைகளும் முறையாக அமைந்துள்ளனவா என்று பொறியாளர் பார்த்துச் சான்று தந்த பின்னரே அடுத்த தவணை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீட்டைப் பதிவு செய்யும் கொள்கை மேற்கொள்ளப்பட்டது. நமது பகுதியில் எத்தனை பத்திரங்களில் இல்லத்தரசியின் பெயர் இருக்கிறது என்று இங்கே அமர்ந்திருப்பவர்கள் தம் மனத்திற்குள் எண்ணிப் பார்க்கலாம்.

புஜ் நகரை அதே இடத்தில் கட்டுவதா, வேறிடத்திற்குப் பெயர்ப்பதா என்று பெரும் வாக்குவாதம் நடந்தது. இறுதியில் பழைய நகரம் அங்கேயே இருக்க, அதன் நெருக்கத்தைக் குறைப்பதற்காக நான்கு புறநகர்க் குடியிருப்புகள் உருவாக்கப்பட்டன. பழைய நகருக்குள் சாலைகளை அகலப்படுத்த நிலம் வேண்டுமே! நகரமைப்பாளர் பிமல் பட்டேலின் தலைமையிலான அகமதாபாத் நிறுவனம் பழைய நகரை எட்டுத் திட்டப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மனையையும் கருவி கொண்டு அளந்தது. அரசுப் பதிவேட்டில் இருந்த எல்லைக்கும் தரையில் இருந்த எல்லைக்கும் பல இடங்களில் பொருத்தமில்லை. அளந்து முடித்தபின், பெரிய மனை வைத்திருந்தவரிடமிருந்து அதிகப் பங்கும், சிறிய மனை வைத்திருந்தவரிடமிருந்து குறைந்த பங்கும், மிகச் சிறிய மனைகளிலிருந்து எதுவும் எடுக்காமலும் சாலைக்கான நிலம் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டி, வரைபடத்தைப் பொதுவில் மாட்டி, ஆட்சேபணைகளைக் கேட்டுச் செய்தார்கள். ஒரு வரைபடக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மனைவாரி வரைபடம் இல்லாமல் அந்தச் சாலைகளில் ஒன்றுகூட வந்திருக்காது.

இடிந்த மருத்துவமனைக்குப் பதிலாக, நிலநடுக்கத்தின் அதிர்வு கட்டடத்தைத் தாக்காதவாறு ரப்பர், ஈயம் கொண்ட தாங்கிகளின் மேல் புதிய மருத்துவமனை எழுப்பப்பட்டு 2004-இல் திறக்கப்பட்டது.

இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆயினும் இத்தனையும் யாருக்கு வந்து சேர்ந்தன என்று பார்க்க வேண்டும். மனை உள்ளவருக்கு வந்து சேர்ந்தன. பழைய நகரில் மிகக் குறைந்த வாடகைக்குத் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பலர். வீடு விழுந்ததும் அவர்களது குடியிருப்பு உரிமையும் நடைமுறையில் விழுந்துவிட்டது. உரிமையாளர் உதவித் தொகை பெற்றுக் கட்டிய புதிய வீட்டில் பழைய வாடகைதாரருக்கு இடமில்லை. அவர்களுள் பலர் தற்காலிகக் குடில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். தற்காலிகம் என்ற சொல்லுக்குப் புஜ் நகரில் பத்தாண்டு என்றும் பொருள் உண்டு. அந்தத் தகரப் பெட்டி மூதாட்டியை நினைக்கும்போதெல்லாம், நாங்கள் வரைந்த படிவத்தில் விடுபட்ட கட்டம் என் கண்முன் வந்து நிற்கிறது.

விடுபட்டவர்களைத் தேடி எழுதியவர்களும் உண்டு. 1998-இல் காண்ட்லா பகுதியைத் தாக்கிய புயலுக்குப் பின் கட்ச்சில் பல தொண்டு நிறுவனங்கள் இணைந்து 'அபியான்' என்ற கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. சுஷ்மா ஐயங்கார் அதன் முன்னணியில் இருந்தவர். நிலநடுக்கம் வந்தபோது அவர்கள் கிராமங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் 'சேது' என்ற பெயரில் ஒரு தகவல் மையம் வைத்தனர். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எவருக்கு எது கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதுவதே அதன் வேலை. உதவி கொண்டுவரும் லாரிகள் நெடுஞ்சாலையோர ஊர்களிலேயே நின்றுவிடாமல் உள்ளூர்களுக்கும் போய்ச் சேர இக்குறிப்புகள் உதவின. 2004-இல் சுனாமி நம் கடற்கரையைத் தாக்கியபோது, நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் அமைக்கப்பட்டதல்லவா? அதற்குத் துணை நிற்கக் கட்ச்சிலிருந்து அபியான் அமைப்பினர் வந்தனர். அடிபட்டவர்களே அடுத்து அடிபட்டவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்.

இறந்தோரின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். முதல் வாரத்தில், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று கூறினார். பின்னர் அது இறங்கிக்கொண்டே வந்தது. குஜராத் அரசின் கணக்கு 13,805. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் பட்டியலோ இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு லட்சமும் பதின்மூன்றாயிரமும் ஒரே நிகழ்வின் கணக்கா என்று வியப்பாக இருக்கும். எண்ணிக்கை என்பது யாரை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது. 2022 ஆகஸ்டில் புஜ் நகரின் புஜியா குன்றில் 'ஸ்மிருதிவன்' என்ற நினைவிடம் திறக்கப்பட்டது. 470 ஏக்கர் பரப்பு, அருங்காட்சியகமும் உண்டு. நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்கள், பன்னிரண்டாயிரத்திற்கும் அதிகமானவை, பொறிக்கப்பட்டுள்ளன. இருபத்தோர் ஆண்டுகள் கழித்தேனும் பெயர்கள் கல்லில் ஏறின. கட்ச்சில் நிலநடுக்கத்திற்கு முன்பும் பின்பும் தங்கி ஆராய்ந்த எட்வர்ட் சிம்சன் என்னும் மானிடவியலாளர் 2013-இல் வெளியிட்ட நூலின் துணைத் தலைப்பிலேயே 'மறதி' என்ற சொல்லை வைத்திருக்கிறார் என்பதையும் இத்துடன் சேர்த்துக் கருத வேண்டும்.

இனி வேளச்சேரிக்கு வருவோம்.

நிலநடுக்கம் இங்கு வராது என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையில் உணரப்பட்டது. சுனாமி நாளன்று காலையிலும், 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும் இங்குள்ளோர் அலுவலகங்களையும் அடுக்ககங்களையும் விட்டு வீதிக்கு ஓடி வந்தோம். 2002-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம், அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தியது. இது அச்சுறுத்துவதற்காகச் சொல்வதன்று. மூன்றாம் மண்டலம் என்பது மிதமான அபாயமே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2001-இல் அகமதாபாத் நகரம் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இருந்தும் அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்து, எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சரிந்தவற்றுள் பெரும்பாலானவை, கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவதற்காகச் சுவர் எழுப்பாமல் வெறும் தூண்களின்மேல் நின்றவை. அடியில் ஆற்று மணல் படிந்த இளகிய மண். ஏரியும் சதுப்பும் சூழ்ந்த நமது பகுதி மண்ணையும், நம் தெருக்களில் உள்ள கட்டடங்களின் கீழ்த்தளங்களையும் நான் விவரிக்கத் தேவையில்லை.

எனினும் நமக்கு நேர்ந்த பேரிடர் நிலத்தால் வரவில்லை, நீரால் வந்தது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவை இங்குள்ள எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். நமது பள்ளிவாசல் மாடியில் எத்தனை குடும்பங்கள் தங்கின, எந்த மதத்தவர் என்று பாராமல் எத்தனை அடுப்புகள் எரிந்தன என்பதையெல்லாம் அவ்வாண்டு மலரிலேயே எழுதிவிட்டோம். எழுதாமல் விட்டது ஒன்றுண்டு. கீழறையில் இருந்த இரும்பு அலமாரியின் கடைசித் தட்டு வரை நீர் ஏறியது. அந்தத் தட்டில்தான் பழைய நிக்காஹ் தஃப்தர்களும் மையித் பதிவேடும் இருந்தன. ஒரு வாரம் மொட்டை மாடியில் தாள் தாளாகப் பிரித்துக் காய வைத்தோம். நீல மையில் எழுதியவை பெரும்பாலும் கரைந்துவிட்டன; பந்துமுனைப் பேனாவில் எழுதியவை தப்பின. எந்தத் திருமணத்திற்குச் சாட்சி இருக்கும், எதற்கு இராது என்பதை அன்று ஒரு பேனா தீர்மானித்தது.

அரசு அப்போது வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளுக்கு 5,000 ரூபாயும் குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் அறிவித்து, கணக்கெடுத்து வங்கியில் செலுத்தியது. தொலைந்த ஆவணங்களுக்கு நகல் வழங்கச் சிறப்பு முகாம்களும் நடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது 6,000 ரூபாய், நியாய விலைக் கடை வழியாக, குடும்ப அட்டை அடிப்படையில். அட்டை இல்லாதோர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் அலைந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். வாடகை வீட்டில் இருந்து, அட்டை சொந்த ஊரில் இருந்தவர்கள். ஒரு வீட்டின் மாடி அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த இளைஞர்கள். கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள்.

இப்போது நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்; நிர்வாகிகள் பொறுத்தருள வேண்டும். 2015-இல் நாமும் நிவாரணம் வழங்கினோம். எந்தப் பட்டியலை வைத்து வழங்கினோம்? சந்தா பேரேட்டை வைத்து. சந்தா கட்டுபவர் யார்? பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர். ஜும்ஆ தொழுகையில் வரிசை வெளியே தெரு வரை நிற்கிறது; அதில் பாதிப் பேரின் பெயர் நம் பேரேட்டில் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம், வாணியம்பாடி என்று ஊர் ஜமாஅத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது, திருமணமும் அங்கேதான். அவர் இங்கே எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது ஊர் ஜமாஅத்துக்குத் தெரியாது. அவர் யார் என்பது நமக்குத் தெரியாது. புஜ் நகரில் நான் வரைந்த படிவத்தில் விடுபட்ட கட்டம், நமது அலுவலக அறைப் பேரேட்டிலும் விடுபட்டே இருக்கிறது.

எனவே மூன்று ஆண்டுகளாக நிர்வாகக் குழுவில் நான் வேண்டி வந்ததையே இப்பொதுக்குழுவிலும் வேண்டுகிறேன். சந்தா பேரேட்டிலிருந்து வேறாக, மஹல்லாவிற்குள் வசிக்கும் எல்லோருக்குமான ஒரு குடியிருப்பு ஏடு வேண்டும். சந்தா கட்டுகிறாரா என்று அதில் கேட்கக்கூடாது. உரிமையாளரா, வாடகைதாரரா என்பதும் எத்தனை ஆண்டுகளாக என்பதும் வேண்டும். வீட்டில் முதியோர், படுக்கையில் இருப்போர், மாற்றுத் திறனாளிகள் உண்டா என்பதும் வேண்டும். கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது, எத்தனை தளம், கீழ்த்தளம் திறந்த தூண்களா, பின்னாளில் தளம் சேர்க்கப்பட்டதா என்பதை நானும் என்னைப் போல் ஓய்வு பெற்ற இரு பொறியாளர்களும் பார்த்து எழுதித் தருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு கட்டடத்திற்கும் நான்கு பக்கத்திலிருந்தும் ஒரு புகைப்படம். இடிந்தபின் எடுக்கும் படத்தைவிட, இடிவதற்குமுன் எடுத்த படத்திற்கே மதிப்பு அதிகம். விரிசல் பழையதா, புதியதா என்ற சண்டையை அது ஒன்றே தீர்க்கும்.

நமது பள்ளிவாசல் கட்டடத்தையும் அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டாம் தளம் எழுப்பியபோது பழைய தூண்களை வலுப்படுத்தினோமா என்று என்னிடம் சில இளைஞர்கள் கேட்டார்கள். அதற்குரிய கணக்குத் தாள் எங்கேயுள்ளது என்று நானும் கேட்கிறேன்.

இவ்விடத்தில் ஓர் அச்சத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. பெயர், விலாசம், குடும்ப விவரம் எல்லாம் ஒரே ஏட்டில் இருந்தால் அது யார் கைக்குப் போகும் என்று சகோதரர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பட்டியல் என்பது காப்பாற்றவும் உதவும், தீங்கு செய்யவும் உதவும்; நாடெங்கும் பல இடங்களில் இரண்டையும் மக்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் நான் சொல்லும் ஏட்டில் ஆதார் எண் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம், கைப்பேசியில் அனுப்பி வைக்கும் வடிவமும் வேண்டாம். கையால் எழுதிய இரு பிரதிகள் போதும். ஒன்று பள்ளிவாசலின் மேல்தளத்தில், பூட்டிய பெட்டியில். மற்றொன்று வேளச்சேரிக்கு வெளியே, மேட்டுப் பகுதியில் வசிக்கும் ஓர் உறுப்பினரின் வீட்டில். சாவி இருவரிடம், இருவரும் சேர்ந்தே திறக்க வேண்டும். தர விரும்பாதவரை வற்புறுத்தக்கூடாது. அவர் வீட்டின் கட்டட விவரத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

இத்தனையும் யார் செய்வது என்று கேட்பீர்கள். நிலநடுக்கத்திற்குப் பின் புஜ் நகரில் என்னுடன் வீடு வீடாக வந்த அந்த உள்ளூர் இளைஞர் கல்லூரியில் பயின்று வந்தவர். அவருடைய வீடும் இடிந்திருந்தது. தம் வீட்டுப் படிவத்தை அவர் கடைசி நாளன்றுதான் நிரப்பினார். நம்மிடம் வாரம் ஒரு மணி நேரம் தரக்கூடிய மாணவர்கள் இருபது பேர் இல்லாமலா போவார்கள்? பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குச் செல்ல நமது மதரஸா ஆசிரியைகள் இசைந்திருக்கிறார்கள்.

மாதிரிப் படிவம் ஒன்றை வரைந்து, நூறு பிரதிகள் எடுத்து வந்திருக்கிறேன். அலுவலக அறை வாசலில் உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. முதல் படிவத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தையே நிரப்பியிருக்கிறேன்: நான்கு குடித்தனம், அவற்றுள் இரண்டு வாடகை, கீழ்த்தளம் திறந்த தூண்கள், 1998-இல் கட்டியது. உரிமையாளர் பெயருக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், குடியிருப்பவர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதில் ஏதேனும் விடுபட்டிருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திவிடலாம். வஸ்ஸலாம்.